கருவி நின்றுபோனால் யார் திறப்பது?

1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விபத்து நடந்தது. தென்னிந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துவந்த வில்லியம் லாம்டனின் குழு அப்போது காவிரிச் சமவெளிக்கு வந்திருந்தது. அங்கே குன்றுகள் கிடையாது. தென்னையும் பனையும் பார்வையை மறித்தன. தொலைவிலிருந்து தெரியக்கூடிய உயரம் கோயில்களுக்குத்தான் இருந்தது. எனவே லண்டனில் வில்லியம் கேரி செய்த பெரிய தியோடலைட்டை, 36 அங்குல வட்டமும் ஏறத்தாழ அரை டன் எடையும் கொண்ட அந்தக் கோணமானியை, கோயிலின் உச்சிக்கு ஏற்ற முயன்றார்கள். வடம் அறுந்தது. பெட்டியோடு கருவி சுவரில் மோதியது. பாகையின் மிக நுண்ணிய பின்னங்களைக் காட்டவேண்டிய வட்டம் நெளிந்துபோனது.

லாம்டன் புதிய கருவி கேட்டு இங்கிலாந்துக்கு எழுதினார். ஆனால் கப்பலை நம்பிக் காத்திருக்கவில்லை. கூடாரத்துக்குள் தலைமைக் கைவினைஞர்களைத் தவிர எவரையும் விடாமல், கருவியை முழுக்கப் பிரித்துப்போட்டார். பெரிய தட்டைப் பலகை ஒன்றில், வட்டம் இருந்திருக்க வேண்டிய சரியான அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டச் செய்தார். பிறகு ஆப்புகள், திருகுகள், கப்பிகள் கொண்டு நெளிந்த வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அந்தக் கருவி பல ஆண்டுகள் உழைத்தது.

இந்தச் சம்பவத்தை லாம்டனின் மனவுறுதிக்குச் சான்றாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது அந்தப் பலகை. வளைந்ததை நிமிர்த்தக் கொல்லர் பலருக்குத் தெரியும். எந்த அளவுக்கு நிமிர்த்த வேண்டும் என்பதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நிமிர்த்தியதால்தான் அது கருவியாகவே திரும்பி வந்தது. அறிவியல் கருவியானாலும் மருத்துவக் கருவியானாலும் பழுதுபார்ப்பைப் பற்றிய விவாதத்தில் இரண்டு கேள்விகள் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. கருவியைத் திறக்கும் உரிமையும் திறமையும் யாருக்கு இருக்கிறது? மூடிய பிறகு அது சரியாக வேலை செய்கிறது என்று எதைக் கொண்டு காட்டுவது? நம் நாட்டில் முதல் கேள்விக்கு விற்பவர்கள் பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதைக் கேட்பவர்களே குறைவு.

லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், கருவி பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாமல் நில அளவைப் பணி நடக்காது என்பதில் உறுதியாக இருந்தார். 1830-இல் கல்கத்தாவில் கணிதக் கருவிகள் அலுவலகம் அமைந்தது. லண்டனிலிருந்து ஹென்றி பாரோ என்ற கருவி வினைஞர் வந்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர்களில் ஒருவர் ஆற்காட்டுக்காரரான சையது மீர் மொஹ்சின் ஹுசைன். சென்னையில் ஒரு நகை வணிகரிடம் வேலை பார்த்துவந்த அவரைத் தலைமை நில அளவையாளர் வாலன்டைன் பிளாக்கர் கண்டெடுத்துக் கல்கத்தாவுக்கு அழைத்துப்போயிருந்தார். 1839-இல் பாரோ விலகிய பின், இழுபறிக்குப் பிறகு 1843-இல், கருவி வினைஞர் பொறுப்பு மொஹ்சின் ஹுசைனிடம் வந்தது. அவருடைய கைத்திறத்தை எவரெஸ்ட் மனம்திறந்து பாராட்டியிருக்கிறார். இமயத்தின் உயரங்களை அளக்கப் பயன்பட்ட கருவிகளைச் சீர்செய்து நிறுத்திய கைகளில் ஆற்காட்டுக் கைகளும் இருந்தன என்பது நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

அந்த அலுவலகத்தின் வழியில் வந்ததுதான் ஜாதவ்பூரில் இருந்த நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் லிமிடெட். 1957-இல் பொதுத்துறை நிறுவனமாக உருவெடுத்து, பின்னர் நலிந்து, இறுதியில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. விடுதலைக்குப் பிந்தைய இந்தியா பட்டறையின் தேவையை உணராமல் இருக்கவில்லை. 1959-இல் மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் தொடங்கப்பட்டுச் சண்டிகருக்குப் போனது. சென்னை தரமணியிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. கருவிகளை வடிவமைப்பதோடு அவற்றைப் பழுதுபார்ப்பதும் அளவுத்திருத்தம் செய்வதும் அதன் பணிகளாக இருந்தன. பல்கலைக்கழக மானியக் குழு தன் பங்குக்குப் பல்கலைக்கழகங்களில் அறிவியல் கருவி மையங்களை அமைக்கப் பணம் கொடுத்தது. அந்த மையங்களில் லேத், துளையிடும் இயந்திரம், எலெக்ட்ரானிக்ஸ் மேசை ஆகியவற்றோடு கண்ணாடி ஊதுபவரும் இருப்பார். வேதியியல் மாணவர் ஒருவர் தனக்கு வேண்டிய வெற்றிடக் குழாயைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தால், அவர் அதைச் சுடரில் சுழற்றிச் செய்து தருவார். கண்ணாடி ஊதுபவர் ஓய்வு பெற்றதும் அந்தப் பணியிடம் நிரப்பப்படாமலே மறைந்துபோன துறைகள் பல. கருவி வாங்க நிதிநல்கை கிடைக்கிறது, கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் கிடைப்பதில்லை. பட்டறைகள் தேய்ந்ததற்கு ஆராய்ச்சி நிதியின் இந்த அமைப்பையே முதல் காரணமாகச் சொல்வேன்.

மருத்துவமனைப் பக்கம் நிலைமையை அரசே ஒருமுறை எண்ணிப் பார்த்தது. 2015-இல் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, மாநிலங்களின் அரசு மருத்துவ நிலையங்களில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கணக்கெடுக்கச் செய்தது. 29,115 நிலையங்களில் 7,56,750 கருவிகள் கண்டறியப்பட்டன. மதிப்பு ஏறத்தாழ 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரையான கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தன. மூன்றில் ஒரு கருவி முடங்கிக் கிடக்கும் மாநிலத்தில் புதிய கருவி வாங்குவதற்கு விழா எடுப்பதில் பொருள் என்ன? பிற ஏழை நாடுகளிலும் இதே கதைதான். 16 நாடுகளின் மருத்துவமனைப் பட்டியல்களைத் தொகுத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, ஏறத்தாழ 40 விழுக்காடு கருவிகள் பயன்பாட்டில் இல்லை என்று கண்டது.

கிடப்பவை எல்லாம் பெரிய பழுதால் கிடக்கின்றனவா என்று கேட்டால், இல்லை என்பதே பட்டறையில் இருப்பவர்களின் பதில். எவை எப்படிக் கெடுகின்றன என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

நுண்ணோக்கியை எடுத்துக்கொள்வோம். கடலோர மாவட்டங்களின் ஈரக் காற்றில் அதன் முதல் எதிரி பூஞ்சை. லென்சின் ஓரத்தில் சிலந்திவலை போலத் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையும் பின்னர் கண்ணாடியையுமே அரிக்கும். அந்தக் கட்டத்துக்குப் பின் துடைத்துப் பயனில்லை. தொடக்கத்திலேயே பிடித்தால் ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் நனைத்த லென்ஸ் தாளே போதும். இரண்டாவது எதிரி, சளிப் பரிசோதனை முடிந்து 100 மடங்கு லென்சின் மேல் துடைக்காமல் விட்ட எண்ணெய். அது உறைந்து, லென்சுகளை ஒட்டிய பசை வழியாக உள்ளே கசியும். அதை எடுக்கச் சைலீனைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள் பசையையே கரைத்துவிடுவார்கள். மூன்றாவது, பழைய கிரீஸ். காய்ந்து கோந்தாகிப்போன கிரீசால் நுண்சீரமைப்புக் குமிழ் திரும்பாது. திரும்பவில்லையே என்று பலம்கொண்டு திருப்பினால் உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்கள் உடையும். இந்த மூன்றுக்கும் வேண்டியவை சில நூறு ரூபாய்ப் பொருள்களும் பழகிய கையும். காசநோய்க்குச் சளி பார்க்கும் கிராமத்து ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி மங்கினால், நோய் இருப்பவருக்கு இல்லை என்று முடிவு போய்விடும்.

சென்ட்ரிஃபியூஜில் தேய்வது மோட்டாரின் கார்பன் பிரஷ். குழாய்களைச் சமன் பார்த்து வைக்காமல் ஓட்டினால் தாங்கிகள் போகும். ஆட்டோகிளேவில் மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போகும். தண்ணீர் மட்டம் பார்க்காமல் போட்டால் சூடேற்றும் சுருள் எரியும். உறிஞ்சு இயந்திரத்தில் சாடி நிரம்பி வழிந்து நீர் பம்புக்குள் போயிருக்கும். ஈ.சி.ஜி. இயந்திரம் பழுது என்று வருவதில் பாதி, கேபிளுக்குள் அறுந்த ஒரு கம்பி. பல்ஸ் ஆக்சிமீட்டரில் போவது பெரும்பாலும் விரலில் மாட்டும் சென்சார். நிறமாலைமானியில் டியூட்டீரியம் விளக்குக்கு ஆயிரம் மணி நேரம் போல ஆயுள் உண்டு. அது மங்கியதும் புற ஊதாப் பகுதியில் அளவுகள் ஆடும். மாற்றுகிறவர் விளக்கின் கண்ணாடியில் விரல் படாமல் மாற்றத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிரேட்டிங்கைத் துணியால் துடைத்தால் அதோடு அந்தக் கருவியின் கதை முடிந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலே மின்சாரம். ஊசலாடும் மின்னழுத்தமும், மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்பும் நொடியில் வரும் எழுச்சியும் பவர் சப்ளை போர்டுகளைத் தின்கின்றன. எர்த் சரியில்லாத கட்டடத்தில் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியை நிறுவிவிட்டு, ஆறு மாதத்தில் போர்டு போய்விட்டது என்று உற்பத்தியாளரைக் குறை சொல்வதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். நல்ல பட்டறைக்காரர் கருவியைத் திறப்பதற்கு முன் சுவரில் இருக்கும் பிளக்கைத்தான் சோதிப்பார்.

இந்த அனுபவ அறிவை எண்ணிக்கையாக்கிக் காட்டியது 2010-இல் ராபர்ட் மால்கினும் அலிசன் கீனும் வெளியிட்ட ஓர் ஆய்வு. 11 நாடுகளின் 60 ஏழை மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுதுபார்ப்புக் கோரிக்கைகளை அவர்கள் தொகுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகம் எதையும் வரவழைக்காமலே, உள்ளூரில் கிடைப்பதைக் கொண்டு, 72 விழுக்காடு கருவிகள் மீண்டும் வேலைக்கு வந்தன. அந்த வேலைகளில் பெரும்பகுதிக்குத் தேவைப்பட்ட திறன்களைப் பிரித்து எண்ணினால் 107. மின்னிணைப்பு, இயந்திரப் பாகம், பவர் சப்ளை, குழாய் வேலை, மோட்டார், நிறுவிப் பயன்படுத்தக் கற்றுத்தருதல் என்ற ஆறு தலைப்புகளில் அவை அடங்கிவிட்டன. ஆறாவது தலைப்பை அழுத்திச் சொல்ல வேண்டும். பழுது என்று ஒதுக்கப்பட்ட பல கருவிகளுக்குக் கோளாறே இல்லை. புதிதாகப் பணிக்கு வந்த செவிலியருக்கு அதை எப்படி இயக்குவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளூரிலேயே பயிற்சி பெற்ற ஒருவர் இந்த வேலைகளைச் செய்ய முடியும் என்ற முடிவு நம்முடைய தொழிற்பயிற்சி நிலையங்களையும் பாலிடெக்னிக்குகளையும் நேரடியாகக் கூப்பிடுகிறது.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? ஒப்பந்தத்திலும் பூட்டிலும் இருக்கிறது.

கருவி வாங்கும்போது உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் தொடங்கும். ஆண்டுக்குப் பொதுவாக விலையில் 5 முதல் 10 விழுக்காடு வரை போகும். பெரிய நகர மருத்துவமனையில் சர்வீஸ் இன்ஜினியர் அன்றைக்கே வந்துவிடுவார். மலைப்பகுதியிலோ கடைக்கோடித் தாலுகாவிலோ இருந்தால், அந்தப் பக்கம் வேறு இரண்டு கோளாறுகள் சேரும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். வந்தவர் போர்டைக் கழற்றி, புதிய போர்டைப் போட்டுவிட்டுப் போவார். அந்தப் போர்டில் செத்தது ஒரு கெப்பாசிட்டராக இருக்கலாம். அதை யாரும் பார்க்கப்போவதில்லை. பார்க்க விரும்பும் உள்ளூர்க்காரருக்குச் சுற்றுப் படம் கிடைக்காது. சர்வீஸ் கையேடு நிறுவனத்தின் ரகசியம். புதிய கருவிகளில் சர்வீஸ் பகுதிக்குள் நுழையக் கடவுச்சொல்லோ தனிச் சாவியோ வேண்டும். சிலவற்றில் அசல் பாகத்தையே மாற்றினாலும், அதை மென்பொருள் ஏற்றுக்கொள்ள நிறுவனத்தின் கணினி ஒப்புதல் தர வேண்டும்.

கோவிட் காலத்தில் இந்தப் பூட்டின் விலை உலகம் முழுக்கத் தெரிந்தது. 2020 மே மாதம் அமெரிக்காவின் ஐஃபிக்சிட் நிறுவனம், நூலகர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்களின் உதவியோடு 13,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிக் கையேடுகளைத் தொகுத்து இலவசமாக வெளியிட்டது. அவற்றை ஒரே இடத்தில் சேர்க்க ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது. 2021 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம், பழுதுபார்ப்பதற்காக மருத்துவக் கருவியின் மென்பொருள் பூட்டைத் திறப்பது சட்டமீறல் ஆகாது என்று விலக்கு அளித்தது. இந்தியாவில் 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவும் அதே ஆண்டு இறுதியில் இணையதளமும் வந்தன. வேளாண் கருவிகள், கைபேசி, வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. மருத்துவக் கருவிகள் அந்தப் பட்டியலில் இல்லை. கைபேசிக்குக் கிடைக்கும் உரிமை வென்டிலேட்டருக்கு இல்லாமல் இருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நிறுவனங்கள் சொல்லும் மறுப்பைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. உயிரோடு விளையாடும் விஷயம், தெரியாதவர் கையில் கொடுக்கலாமா என்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதை ஆராய்ந்து 2018 மே மாதம் அறிக்கை தந்தது. மூன்றாம் தரப்பினரின் பழுதுபார்ப்பால் பரவலான ஆபத்து ஏற்படுகிறது என்று முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்றும், நிறுவனங்களும் வெளியாட்களும் தரமான சேவை தருகிறார்கள் என்றும் அது சொன்னது. ஆனால் பழுதுபார்ப்பில் நேர்ந்த மிகக் கொடிய விபத்துகளில் ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும், ஏனென்றால் அது விவாதத்தை வேறு திசைக்குத் திருப்புகிறது.

1990 டிசம்பரில் ஸ்பெயின் நாட்டு சரகோசா நகர மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் நேர்கோட்டு முடுக்கி ஒன்று பழுதானது. பார்க்க வந்தவர் நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவைச் சேர்ந்தவர். எலெக்ட்ரான் கற்றை மறுபடி வந்தது. ஆனால் எந்த ஆற்றலைத் தேர்ந்தெடுத்தாலும் காட்டும் முள் 36 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே நின்றது. முள் சிக்கிக்கொண்டது என்று நினைத்தார்கள். முள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பழுதுபார்த்ததை மருத்துவமனையின் இயற்பியலாளர்களுக்கு முறைப்படி அறிவித்து, கற்றையை அளந்து சரிபார்த்த பிறகே நோயாளிகளுக்குத் தர வேண்டும் என்ற படி தவறிப்போனது. சில நாள்களுக்குள் 27 பேர் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறுவனத்தின் ஆள் என்பது இங்கே எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. பாதுகாப்பு தந்திருக்கக்கூடியது ஓர் அளவீடு. யார் திறந்தார்கள் என்பதற்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கையாவது, மூடியபின் அளந்தார்களா என்பதற்குத் தர வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

அளவுத்திருத்தம் என்பதைச் சான்றிதழ் ஒட்டும் சடங்காகப் பார்க்கிறவர்கள் அதிகம். தராசை வைத்தே சொல்லலாம். தில்லியில் சரிபார்த்த மின்னணுப் பகுப்பாய்வுத் தராசைச் சென்னைக்குக் கொண்டுவந்து அப்படியே நிறுத்தால், 100 கிராம் எடைக்கல்லில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். தராசில் கோளாறு எதுவும் இல்லை. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் புவியீர்ப்பு சற்றுக் குறைகிறது, அவ்வளவுதான். இடம் மாறினால் எடைக்கல் வைத்துத் திருத்த வேண்டும் என்று தெரியாத ஆய்வகத்தில் அதன் பிறகு எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அந்தப் பிழை உட்கார்ந்திருக்கும்.

மின் கசிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. இதயத்தோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும் கருவிப் பகுதியில் இயல்பு நிலையில் நோயாளிக்குள் கசியக்கூடிய மின்னோட்டத்துக்குப் பன்னாட்டுத் தரவிதி வகுத்துள்ள வரம்பு 10 மைக்ரோ ஆம்பியர். தோலில் பட்டால் யாரும் உணரவே முடியாத அளவு அது. சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு இதைச் சோதித்துவிட்டதாக நினைப்பது தவறு. அதற்கென்று மின் பாதுகாப்புப் பகுப்பாய்வி இருக்கிறது. ஒரு மாவட்டத்துக்கு ஒன்றாவது இருந்தால் பழுதுபார்த்துத் திரும்பும் ஒவ்வொரு கருவியையும் அதில் மாட்டிப் பார்த்து அனுப்பலாம்.

ஆக்சிஜன் செறிவூட்டியும் இந்த வரிசையில் வருகிறது. 2021-இன் இரண்டாம் அலையில் நாடெங்கும் அவை குவிந்தன. உள்ளிருக்கும் ஜியோலைட் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, 93 விழுக்காடு போல ஆக்சிஜனை வெளிவிடுகிறது. ஈரம் ஏறினால் ஜியோலைட் தன் வேலையை மறக்கும். மூலையில் ஓட்டாமலே போட்டுவைத்த இயந்திரத்தை இரண்டு ஆண்டு கழித்துப் போட்டால் சத்தம் வரும், காற்று வரும், விளக்கு எரியும். வருகிற காற்றில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை ஆக்சிஜன் பகுப்பாய்விதான் சொல்லும். 82 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அதை நோயாளிக்குத் தரக் கூடாது. ஓடுகிறது என்பதும் வேலை செய்கிறது என்பதும் இந்தக் கருவியில் வெவ்வேறு.

இரத்த அழுத்தமானியின் கதை அரசின் கவனத்துக்கு உரியது. பாதரச மாசைத் தடுக்கும் மினமாட்டா உடன்படிக்கைப்படி, பாதரச வெப்பமானிகளும் அழுத்தமானிகளும் 2020-க்குப் பிறகு உற்பத்தியாகவும் கூடாது, நாடுகளுக்கிடையே விற்கப்படவும் கூடாது. நல்ல முடிவு, சந்தேகமில்லை. ஆனால் பாதரசத் தம்பம் தன் உயரத்தாலேயே அழுத்தத்தைக் காட்டியது. பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தாலே பெரும்பாலும் போதும். அதன் இடத்துக்கு வந்த வட்டமுகப்பு மானிக்குள் இருப்பது ஓர் உலோக உறையும் நெம்புகோலும். அது தளரும், கீழே விழுந்தால் நழுவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பாதரசத்தை விடுத்த ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் அதே நாளில் ஒரு பட்டறையின் வாடிக்கையாளர் ஆகிவிட்டது. அந்தப் பட்டறையை யாரும் கட்டவில்லை.

2015-இன் மத்தியத் திட்டம் இந்த வெற்றிடத்தை வெளி நிறுவனங்களைக் கொண்டு நிரப்பியது. மாநிலம் முழுவதன் கருவிகளையும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, மாவட்ட மருத்துவமனைகளில் 95 விழுக்காடு, சமுதாய நல மையங்களில் 90 விழுக்காடு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 விழுக்காடு நேரம் கருவிகள் இயங்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கருவிக்கு அடையாள எண், புகார் சொல்லத் தொலைபேசி எண், தாமதத்துக்கு அபராதம் என்று ஒழுங்கு வந்தது. கருவிகளை எண்ணியதற்காகவே இந்தத் திட்டத்தைப் பாராட்டுவேன். எண்ணாததைப் பராமரிக்க முடியாது. என் ஐயம் வேறு. எந்தக் கருவி எந்த மாதம் எதனால் நின்றது என்ற பல ஆண்டுத் தகவல் யாரிடம் சேர்கிறது? ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் வெளியேறும்போது, கருவிகளின் குணம் அறிந்த தொழில்நுட்பர்களும் சேர்ந்து வெளியேறுகிறார்கள். ஒப்பந்தத்தில் இயங்கும் நேரம் எண்ணப்படுகிறது, மருத்துவமனைக்குள் வளர வேண்டிய அறிவு எண்ணப்படுவதில்லை.

அந்த அறிவை வீட்டுக்குள்ளேயே வளர்த்த இடம் ஒன்று மதுரையில் இருக்கிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்ணுக்குள் வைக்கும் லென்சைத் தானே செய்ய 1992-இல் ஆரோலேபைத் தொடங்கியதைப் பலர் அறிவார்கள். அதன் கருவிப் பராமரிப்புப் பிரிவைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஒரு நாளில் அத்தனை அறுவைச் சிகிச்சை நடக்கும் இடத்தில் அறுவை நுண்ணோக்கி ஒன்று நின்றால் வரிசையே நிற்கும். எனவே பிளவு விளக்கு, கண்ணடி நோக்கி, அறுவை நுண்ணோக்கி எல்லாவற்றையும் துடைத்து, விளக்கு மாற்றி, பூஞ்சை பார்த்து, பிரித்துச் சேர்க்கும் தொழில்நுட்பர்களை அங்கேயே உருவாக்கினார்கள். பிற மருத்துவமனைகளிலிருந்து வருவோருக்கு அங்கே சில வாரப் பயிற்சி தரப்படுகிறது, வெளிநாட்டினரும் வந்து கற்றுப்போகிறார்கள். எளிய மொழியில் பராமரிப்புக் கையேடுகளும் எழுதியிருக்கிறார்கள். கருவியின் பெரிய பழுதுக்கு அவர்களும் நிறுவனத்தை அழைக்கத்தான் செய்வார்கள். ஆனால் எது பெரியது, எது சிறியது என்று முடிவு செய்கிறவர் மருத்துவமனைக்குள் இருக்கிறார். இந்த ஒன்றுதான் மற்ற இடங்களில் இல்லாதது.

பட்டறைக்கு இன்னொரு கடமை உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கருவியின் இறுதி. 2010 ஏப்ரலில் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் சிலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். தேடிப்போனபோது, தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்து ஏலத்தில் போன காமா கதிர்வீச்சுக் கருவியில் கோபால்ட்-60 இருந்தது தெரியவந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் போய்விட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்ற நினைவும் அவர்களோடு போய்விட்டது. கண்டம் செய்ய வேண்டிய கருவிகளின் பட்டியலைப் பொருள் வைப்பறை எழுத்தர் தயாரிக்கும் வரை இந்த ஆபத்து நீங்காது. உள்ளே பாதரசமா, கதிரியக்கப் பொருளா, கல்நாரா என்று தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்ட பிறகே எந்தக் கருவியும் வளாகத்தை விட்டு வெளியேற வேண்டும்.

செய்ய வேண்டியவை நம் சக்திக்கு அப்பாற்பட்டவை அல்ல. கொள்முதலின்போது அரசுக்கு இருக்கும் பேரம்பேசும் வலிமை தனி மருத்துவருக்கு இல்லை. தமிழ்நாடு 1994-இல் மருத்துவ சேவைக் கழகத்தை அமைத்து, மருந்து வாங்குவதை ஒரே கையில் கொண்டுவந்து விலையைக் குறைத்துக் காட்டிய மாநிலம். அதே வலிமையைக் கருவிக்குப் பயன்படுத்தி, சர்வீஸ் கையேடும் சர்வீஸ் கடவுச்சொல்லும் கருவியோடு வர வேண்டும், உதிரிப் பாகங்களின் விலை பத்தாண்டுக்கு முன்கூட்டியே எழுதித்தரப்பட வேண்டும், அரசுத் தொழில்நுட்பர் இருவருக்கு நிறுவனமே பயிற்சி தர வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதலாம். விற்க வேண்டியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். மாவட்டத்துக்கு ஒரு பட்டறை போதும். சால்டரிங் மேசை, ஆசிலாஸ்கோப், மின் பாதுகாப்புப் பகுப்பாய்வி, ஆக்சிஜன் பகுப்பாய்வி, அழுத்தச் சோதனைமானி, தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை ஒப்பீட்டுத் தொடர் உள்ள எடைக்கற்கள். அதன் கதவு அரசுக் கல்லூரி ஆய்வகங்களுக்கும் திறந்திருக்கட்டும். மருத்துவமனைச் சென்ட்ரிஃபியூஜுக்கும் கல்லூரிச் சென்ட்ரிஃபியூஜுக்கும் பிரஷ் ஒன்றுதான்.

முடுக்கி, எம்.ஆர்.ஐ., சி.டி. போன்றவற்றை இந்தப் பட்டறை தொடாது, தொடவும் கூடாது. அவை நிறுவனத்தின் பொறுப்பிலேயே இருக்கட்டும், அளந்து ஒப்புக்கொள்வது மட்டும் நம் இயற்பியலாளரிடம் இருக்கட்டும். இடைப்பட்ட கருவிகளில் எல்லை எங்கே என்பது தொடர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. வென்டிலேட்டரின் வால்வை மாவட்டப் பட்டறை மாற்றலாமா? அழுத்தம், பாய்வு, கொள்ளளவு மூன்றையும் அளக்கும் சோதனைக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் அங்கே இருந்தால் மாற்றலாம் என்பது என் கருத்து. இல்லையென்றால் எந்த நிறுவனத்தின் அடையாள அட்டையும் அதற்கு ஈடாகாது.

ஆட்களுக்கும் பஞ்சமில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளிலிருந்து பயோமெடிக்கல் பட்டதாரிகள் ஆண்டுதோறும் வருகிறார்கள். கருவி விற்கும் வேலைக்கும் மென்பொருள் வேலைக்கும் அவர்களில் பலர் போய்விடுகிறார்கள், ஏனென்றால் மருத்துவமனையில் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, பதவி உயர்வுக்கு வழியில்லாத வேலை. நுண்ணோக்கியின் கிரீசை மாற்றக் கற்ற கை தேர்ச்சி பெற ஐந்தாறு ஆண்டு ஆகும். அத்தனை ஆண்டு ஒரே இடத்தில் இருக்கச் சொல்ல வேண்டுமானால், ஆய்வக நுட்புநருக்கும் மருந்தாளுநருக்கும் இருப்பதைப் போல நிரந்தரப் பணியிடமும் பணிமூப்பும் வேண்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருந்தே அதைத் தொடங்கலாம்.